வேம்புலியின் வாளியில் புது ஆயில்

அத்தியாயம் 5

முதல் நான்கு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவற்றில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ரிச்சர்ட் டிடெக்டிவ் பீரோ, கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. 'எங்கள்' என்றால் நானும் என் உதவியாளர் ரேஷ்மாவும். ரேஷ்மா ஆவடிப் பெண். போன மாதம் நான் தங்கமான பையன் என்று எழுதிக் கொடுத்த ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள். அதைக் கண்டுபிடித்தவள் ரேஷ்மா. அதற்குள் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட என்னை நம்பி, திங்கட்கிழமை காலையில், முகப்பேரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயர் பிரசன்னா. ஐ.டி. கம்பெனியில் வேலை.

"சார், என் கார்ல இருந்து ஆயில் திருடியிருக்காங்க. திருடினவர் யாருன்னும் தெரியும். நீங்க வந்து ஆதாரம் மட்டும் எடுத்துக் கொடுத்தாப் போதும்."

திருடனையும் அவரே கண்டுபிடித்துக் கொடுக்கிறார். எனக்கு இதைவிடத் தோதான கேஸ் கிடைக்குமா? போகும் வழியிலேயே ஒரு புது டார்ச் லைட் வாங்கிக்கொண்டேன். துப்பறிகிறவன் கையில் ஏதாவது ஒன்று பளபளவென்று இருக்க வேண்டும் அல்லவா?

"மூளைக்குப் பதிலா டார்ச்சா சார்? நல்ல ஐடியா," என்றாள் ரேஷ்மா.

பிரசன்னாவின் ஃப்ளாட்டில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே. பகலிலும் இருட்டு. அவருடைய சிவப்பு நிறச் சின்னக் காருக்குக் கீழே ஆயில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பச்சை வாளி. அதில் பளிச்சென்று புது ஆயில்.

"நேத்து சாயங்காலம் என் கையால ஆயில் மாத்தினேன் சார்," என்றார் பிரசன்னா. "ஒர்க்ஷாப்ல எந்த ஆயிலை ஊத்துறான்னு யாருக்குத் தெரியும்? அதான் மூணு வாரம் வீடியோ பார்த்து, நானே ஆயில் வாங்கி, நானே ஃபில்டர் வாங்கி, நானே மாட்டினேன். முகப்பேர் முழுக்க ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். ஒரு பிரச்சினையும் இல்ல. காலையில பார்த்தா பாதி ஆயில் காணோம். இந்த வாளி வாட்ச்மேன் ரூம்ல இருந்துச்சு."

வாட்ச்மேன் வேம்புலி தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் அவருடைய தொப்பியையும் விசிலையும் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டாராம். இரவு ஏழு மணிக்கு மீட்டிங். வேலையை விட்டு நீக்குவதாகத் தீர்மானம் தயார். வேலை போனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றை ரூமும் போகும். அதில் அவர், மனைவி, பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மகள்.

"நீங்க சொல்லுங்க," என்றேன் வேம்புலியிடம்.

"இன்னாத்த சொல்றது? காலையில இருந்து சொல்லிகினுதான் கீறேன். ராத்திரி ரவுண்டு வரச்சொல்ல வண்டி அடியில சொட்டிகினு இருந்துச்சு. சாரு ஊட்டுக்கு இண்டர்காம்ல அடிச்சேன், எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. சரி, தரை பாழாப் பூடுமேன்னு வாளி வெச்சேன். விடியச்சொல்ல யாரும் ஒதைச்சிடப் போறாங்கன்னு எடுத்து ரூம்ல வெச்சேன். காலையில சாரு ஆபீஸ் போவ வண்டி எடுக்க வந்தாரு. ஸ்டார்ட் பண்ணாதே சார், ஆயில் இல்லன்னு குறுக்கால நின்னேன். ஸ்டார்ட் பண்ணியிருந்தா எஞ்சின் பூட்டிருக்கும். அது ஒரு குத்தமா?"

"அங்கதான் சார் மாட்டினார்," என்றார் பிரசன்னா. "எஞ்சின்ல ஆயில் இல்லைன்னு இவருக்கு எப்படித் தெரியும்? ஃபில்டர்கிட்ட இருந்துதான் வடிஞ்சிருக்கு. அதை லூஸ் பண்ணி எடுத்தவருக்குத்தானே தெரியும்?"

எனக்கு அது சரியாகப் பட்டது. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படும். இது என் தொழிலுக்கு அவ்வளவு நல்லதில்லை.

ரேஷ்மா வாளியை எட்டிப் பார்த்தாள். "சார், ஆயில் திருடறவன் அடியில கீற ட்ரெயின் போல்ட்டைத் திறந்தான்னா மொத்த ஆயிலும் மடமடன்னு வாளியில ரொம்பிடும். அத்த வுட்டுட்டு ஃபில்டரைப் போய் லூஸ் பண்ணி, சொட்டு சொட்டா வடியட்டும்னு விடிய விடிய குந்திகினு இருப்பானா? இது இன்னா, கள்ளு எறக்குற வேலையா?"

பிரசன்னாவின் முகம் சுருங்கியது. வாடிக்கையாளர் முகம் சுருங்கினால் எனக்கு உடனே சுறுசுறுப்பு வந்துவிடும். புது டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தேன். சட்டை வெள்ளைச் சட்டை. எழுந்தபோது அது வேறு சட்டை.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஃபில்டர் எஞ்சினில் சேரும் இடத்திலிருந்து ஆயிலோடு சேர்ந்து மெல்லிசாகச் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது.

"சிவப்பு!" என்று கத்தினேன். தலை பம்பரில் இடித்தது. "எஞ்சின் ஆயில் சிவப்பாக இருக்காது. இது கியர் ஆயில். அல்லது அந்த ஃபில்டரே போலி, பெயின்ட் கரைகிறது. ரேஷ்மா, ஃபில்டர் வாங்கின கடைக்கு விடு வண்டியை!"

"வண்டி உங்களுது சார். அது வர்ற மூடுல கீதான்னு மொதல்ல கேளுங்க."

என் ஸ்கூட்டரும் ஒரு மாதமாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வண்டி ஆயிலைத் துப்பறியப் போகிறவன் தன் வண்டிக்கு ஆயில் மாற்றி எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். ரேஷ்மா கேட்டாள். நான் ஹார்ன் அடித்துச் சமாளித்தேன்.

கடை அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில். முதலாளி ஜெயபால் கல்லாவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பிரசன்னா பேரைச் சொன்னதும் வடையைக் கீழே வைத்தார்.

"அவரா? அவரை மறக்க முடியுமா? பொண்ணு பாக்க வந்த மாதிரி இல்ல பார்த்தாரு! அஞ்சு டபிள்யூ முப்பது நம்பர் ஆயில் ஊத்தணுமா, சைபர் டபிள்யூ இருபது ஊத்தணுமான்னு என்கிட்டயே கிளாஸ் எடுத்தாரு. குளிர்ல எப்படி ஓடும்னு கேட்டாரு. முகப்பேர்ல ஏது சார் குளிரு? டின்னைக் கவுத்து, அடியில ஓட்டை போட்டு ஒட்டியிருக்கான்னு பார்த்தாரு. ரெண்டு கம்பெனி ஃபில்டரை ரெண்டு கையில தூக்கி வெயிட் பார்த்தாரு. கடைசியில ஒண்ணை ஆட்டிக் காதுல வெச்சுக் கேட்டாரு."

"காதிலா?"

"தேங்கா வாங்கற மாதிரி. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். சார், வண்டியோட வந்த புக்குல இன்னா போட்டிருக்கோ அத்தையே ஊத்துங்கோன்னேன். அந்த புக்கை மட்டும்தான் அவரு படிக்கல. உலகத்துல மீதி எல்லாத்தையும் படிச்சிருக்காரு."

நான் குரலைத் தாழ்த்தினேன். இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் எதிராளி நடுங்குவான் என்று நினைப்பு. "உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஃபில்டர் போலிதானே? சிவப்பாகக் கரைகிறதே?"

ஜெயபால் நடுங்கவில்லை. வடையை எடுத்து மறுபடி கடித்தார். "கம்பெனி சரக்கு சார். சீல் போட்ட டப்பா. வாய்க்கு பிளாஸ்டிக் மூடி. ரப்பர் வளையத்துல ஒரு மண்ணுப்பொடி பட்டாலும் கசியும்னுதான் மூடி போட்டே அனுப்புறான். வேணும்னா அலமாரில கீது, நீங்களே தொட்டுப் பாருங்க, கரையுதான்னு. அப்புறம் அந்த வண்டிக்குக் கியர் ஆயில் தேன் கலர்ல இருக்கும். செவப்பு இல்ல."

என் இரண்டு கொள்கைகளும் ஒரு வடை தின்று முடிப்பதற்குள் செத்துப் போயின. கவனத்தைத் திருப்ப, என் ஸ்கூட்டருக்கு எது நல்ல ஆயில் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அங்கே இருப்பதிலேயே மலிவானது எது என்பதுதான் என் கேள்வியின் சாரம்.

ரேஷ்மா மட்டும் கடைக்காரரை விடவில்லை. "அண்ணே, அவரு எப்ப வாங்கினாரு?"

"வெள்ளிக்கெழமை. ஞாயித்துக்கெழமைதான் மாத்தப்போறேன், ஆனா அன்னிக்குக் கடை லீவாச்சேன்னாரு. அப்ப சனிக்கெழமை வாங்கன்னேன். சனிக்கெழமை இரும்பும் வாங்கக் கூடாது, எண்ணெயும் வாங்கக் கூடாது, அம்மா திட்டுவாங்கன்னாரு. இது ரெண்டுமே ஆச்சே! அதான் வெள்ளிக்கெழமையே வாங்கினு பூட்டாரு."

வெளியே வந்ததும் ரேஷ்மா வண்டியில் ஏறாமல் நின்றாள். "சார், மூடி போட்ட ஃபில்டரு வெள்ளிக்கெழமை ஊட்டுக்குப் போச்சு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கார்ல ஏறுச்சு. நடுவுல ரெண்டு நாள் அது எங்க இருந்துச்சு?"

"டப்பாவில்."

"டப்பா எங்க இருந்துச்சு?"

"வீட்டில்."

"சார், உங்ககிட்ட பேசறதுக்கு அந்த ஸ்கூட்டர்கிட்ட பேசலாம்."

கோபம் வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி என்பதால் அதை என் கேள்வியாக வைத்துக்கொண்டு முகப்பேருக்குத் திரும்பினேன்.

பிரசன்னாவின் அம்மா கண்ணம்மா கதவைத் திறந்தார். கரூர்ப் பக்கம். வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டார். விசாரித்தது அவர், பதில் சொன்னது நான். எந்த ஊர், எத்தனை குழந்தைகள், சாப்பிட்டாயிற்றா. பிறகு காபி வந்தது.

"அந்த வாட்ச்மேனை விடாதீங்க தம்பி. பையன் பார்த்துப் பார்த்து வாங்கினது. யாரு கண்ணு பட்டுச்சோ!" என்றார்.

நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். வீட்டில் எல்லாம் புதுச் சாமான். வைஃபை பெட்டியின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். இன்வெர்ட்டரிலும் அப்படியே. மிக்ஸியின் மூடியில்கூட ஒன்று. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் புது வண்டி வாங்கினால் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். அதனால் இவற்றைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல பக்தியுள்ள குடும்பம் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன்.

"டார்ச்சு புதுசா தம்பி?" என்று கேட்டு, டீப்பாயிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனார் கண்ணம்மா. காபி முடிவதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பாட்டரி பார்த்திருப்பார் என்று நினைத்தேன். கவனியுங்கள், நான் துப்பறிகிறவன்.

பிரசன்னாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி கீழே போனோம். காரின் முன்னால் போய் டார்ச்சை அடித்தேன். அடித்தவன் பின்வாங்கினேன்.

"ரேஷ்மா! காரில் மூணு ஓட்டை!"

பம்பர் மேல் மூன்று வட்டமான கறுப்புத் திட்டுகள். டார்ச்சை நகர்த்தினேன். ஓட்டைகளும் கூடவே நகர்ந்தன. சுவரில் அடித்தேன். சுவரிலும் மூன்று.

ரேஷ்மா என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி முகத்தில், விளிம்பு ஓரமாக, கனமாக மூன்று சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"சார், ஓட்டை கார்ல இல்ல," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. டார்ச்சைப் பார்த்தாள். குனிந்து காருக்கு அடியில் ஃபில்டரைப் பார்த்தாள். இந்த ஒரு முறை இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவளைக் கேட்டால் எனக்கு அரை நாள் கழித்துத்தான் புரிந்தது என்பாள்.

"பிரசன்னா, அந்த ஃபில்டரைக் கழற்றுங்கள்," என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கம்பீரமாக நான் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

கழற்றினார். கொஞ்ச நஞ்ச ஆயில் வடிந்தது. வாயைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தில், காய்ந்து இறுகி, பிறகு நசுங்கிய சந்தனம் மூன்று இடத்தில். வளையம் எஞ்சினில் ஒட்டி உட்காராமல் அந்த இடங்களில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இடுக்கு வழியாக ஆயில் பீய்ச்சியிருக்கிறது. ஓட்டி வந்து நிறுத்திய பிறகு, எஞ்சினுக்குக் கீழே மறைப்பாக இருக்கும் தகட்டில் தேங்கியது இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. கரைந்த குங்குமம்தான் அந்தச் சிவப்புக் கோடு.

"மாட்டும்போது நீங்கள் பார்க்கவில்லையா?"

"ரப்பர்ல விரலால ஆயில் தடவச் சொன்னாங்க, தடவினேன். கண்ணு போன்ல இருந்துச்சு சார்." பிரசன்னா ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். "வீடியோல ரப்பர் சுத்தமாத்தான் இருந்துச்சு."

மேலே போனோம். கண்ணம்மா ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் ஒன்றும் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

"ஆமா, வெச்சேன். சாமி அலமாரியில ரெண்டு நாள் வெச்சு எடுத்துக் கொடுத்தேன். வெறும் டப்பாவுக்கா பொட்டு வைப்பாங்க? கல்யாணப் பொண்ணை விட்டுட்டுப் புடவைப் பெட்டிக்கு வெச்ச மாதிரி. பிரிச்சுப் பார்த்தேன். மூடியை எடுத்தா, வட்டமா முகம் மாதிரி இருந்துச்சு. ஓரத்துல வெச்சுட்டு, காய்ஞ்சதும் பத்திரமா மூடி வெச்சேன். ஏன் தம்பி, என்ன ஆச்சு?"

பிரசன்னா என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், இது மீட்டிங்ல வரவே கூடாது. ஃப்ளாட் முழுக்க என்னையும் அம்மாவையும் வெச்சுச் சிரிப்பாங்க. ஆதாரம் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க, போதும்."

"உங்களுக்குப் போதும் சார்," என்றாள் ரேஷ்மா. எனக்குத் தெரிந்து அவள் கிண்டல் இல்லாமல் பேசியது அப்போதுதான். "ஆதாரம் இல்லன்னா அந்தாளு வெளிய போவணும். பொண்ணு புஸ்தகத்தோட ரோட்டுல நிக்கணும். வாளி வெச்சது ஒரு குத்தமா?"

பிரசன்னா கீழே தெருவைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி நாலு வார்த்தை பேச நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, "யோசிப்போம்." வெட்கமாக இருந்தது. ரேஷ்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்கில்லை.

ஏழு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. தலைவர் ரவிச்சந்திரன் தீர்மானத்தை வாசித்தார். செக்யூரிட்டி ஏஜென்சியில் பேசியாயிற்று, நாளைக்கே புது ஆள் வருகிறார் என்றார். வேம்புலி தூண் ஓரத்தில் அதே இடத்தில் நின்றார். பின்னால் மாடிப்படி ரூமின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் வாசிக்க ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நின்றது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"நான் ரிச்சர்ட். டிடெக்டிவ்."

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவரு இல்லையா?" என்றது ஒரு குரல்.

சட்டையில் இருந்த ஆயிலைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஃபில்டரை உயர்த்திப் பிடித்தேன். ஆயிலின் அடர்த்தி, அழுத்தம் என்று ஆரம்பித்து, எங்கே ஆரம்பித்தேன் என்பதே மறந்து, "ஆகவே வேம்புலி இதைத் தொடவில்லை!" என்று முடித்தேன். பிரசன்னா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்ப யாருதான் பண்ணது?" என்றார் ரவிச்சந்திரன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து கண்ணம்மா எழுந்தார். "நான்தாங்க. புதுச் சாமானாச்சேன்னு பொட்டு வெச்சேன். அதனால ஒழுகிடுச்சு. அந்த வாட்ச்மேன் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. இப்பத்தான் இந்தப் பொண்ணு எனக்கு விளக்கமாச் சொல்லுச்சு. காலையில இருந்து நானும்தான் அவரைத் திருடன்னு சொல்லிட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரோ 'பொட்டா?' என்றார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டார். நான் ரேஷ்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்தாள்.

ரவிச்சந்திரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தீர்மானத்தைக் கிழித்தார். தொப்பியையும் விசிலையும் மேஜை மேல் வைத்தார். "சரிப்பா வேம்புலி, போனது போகட்டும். நாங்க எல்லாரும் உன்னை மன்னிச்சுட்டோம். எடுத்துக்கிட்டு வேலையைப் பாரு."

வேம்புலி நகரவில்லை.

"நீங்க இன்னாத்துக்கு சார் என்னை மன்னிக்கிறது? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சிரிப்பு அடங்கியது. ரவிச்சந்திரன் கையில் இருந்த காகிதத் துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். மற்றவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். நானும் நெளிந்தேன். காலையில் இந்த மனிதருக்கு எதிராக ஆதாரம் தேடி டார்ச் வாங்கியவன் நான்.

பிரசன்னா மெதுவாக எழுந்தார். மேஜையிலிருந்து தொப்பியையும் விசிலையும் எடுத்துக்கொண்டு தூண் வரைக்கும் நடந்தார்.

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும்ண்ணே," என்றார் வாய்க்குள்ளேயே.

"கேளு சார்," என்றார் வேம்புலி. "இங்கதானே நிக்கிறேன். அவங்களுக்கும் கேக்குற மாதிரி கேளு."

பிரசன்னா திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.